மண்பாண்டத்தில் வைத்த பத்திரம்

 

ஜெபத்திற்கு வருகிற வாலிப தம்பதிகளிடம், "பிள்ளைகளின் படிப்புக்கு என்ன ஆயத்தம் பண்ணியிருக்கிறீர்கள்?" என்று நான் கேட்பதுண்டு. "பாஸ்டர், வருகை சமீபமா இருக்கு. இருபது வருஷத்துக்கு இப்பவே எதுக்குச் சேர்க்கணும்?" என்கிறார்கள். அல்லேலூயா, வருகை சமீபம்தான்! ஆனாலும் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கை போட்டிருக்கிறது. நகரம் பிடிபடும் என்று பிரசங்கித்த தீர்க்கதரிசி, காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் நிலம் வாங்கும்படி கர்த்தர் சொல்லுகிறார்! ஆனதோத்திலுள்ள நிலத்துக்கு எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்.

வாய்வார்த்தை போதும் என்று விட்டாரா? இல்லை. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, எழுத்து வேலை தெரிந்த பாருக்கிடம் ஒப்புவித்தார். நெடுநாள் அழியாதிருக்க அது மண்பாண்டத்தில் வைக்கப்பட்டது. சிறையிருப்போ 70 வருஷம் (எரேமியா 29:10). ஒரு கையில் விசுவாசம், ஒரு கையில் பத்திரம்! மத்தேயு 6-ஆம் அதிகாரம் கண்டிப்பது கவலையை, திட்டத்தை அல்ல.

பிரியமானவர்களே, தசமபாகத்தைப் பிரித்துவைத்தபின் கணவனும் மனைவியுமாக உட்காருங்கள். படிப்பு, வீடு, முதிர்வயது ஒவ்வொன்றுக்கும் எந்த வருஷத்தில் எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். பொது வருங்கால வைப்பு நிதி 15 வருஷத் திட்டம். பெண்பிள்ளைக்கு 10 வயது நிறைவதற்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம்.

இதற்கு மேல் தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் கேளுங்கள். ஆலோசனைக்காரர் இல்லாத இடத்தில் எண்ணங்கள் சிதறும் என்பது நீதிமொழிகள் 15:22-இன் போதனை. முதலீட்டு ஆலோசகர்கள் 'செபி'யில் பதிவு செய்யவேண்டும் என்ற விதி 2013 முதல் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு, செபியின் இணையதளத்தில் சரிபாருங்கள். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லுகிறவரா, கமிஷனுக்காக விற்கிறவரா என்று நேராகக் கேளுங்கள். முதலீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவர் கையில் ரொக்கம் கொடுக்கவேண்டாம். நாமினி பெயரையும் எழுதிவையுங்கள்.

"சபைக்கு வர்ற சகோதரர்தானே, ரெண்டு வருஷத்துல இரட்டிப்பாகும்னு சொல்றார்" என்று ஓய்வுபெற்ற பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு வந்தவர்களுக்காக நான் ஜெபித்திருக்கிறேன். வேதப்புத்தகம் கையிலிருப்பது பதிவு எண்ணாகாது! லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கப் பதிவுபெற்ற ஆலோசகருக்கே அனுமதி இல்லை. அப்படியிருக்க, வாக்குக் கொடுக்கிறவரை எப்படி நம்புவீர்கள்?

ஆண்டவர் வரும்போது, ஆயத்தமுள்ள ஆத்துமாவோடு ஒழுங்குள்ள வீட்டையும் நம்மிடம் காணட்டும். யோசேப்புக்கு ஞானம் தந்த தேவன் உங்களுக்கும் தருவாராக. ஆமென்!