வருத்தத்துக்கு என்ன சாட்சி?

நமது பேச்சில் 'வருத்தம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். காய்ச்சலும் வருத்தம்தான், துக்கமும் வருத்தம்தான். உடம்புக்கு வந்ததையும் மனதுக்கு வந்ததையும் நமது கிழவிகள் ஒரே சொல்லால்தான் விசாரித்தார்கள். பரீட்சை நடத்துபவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் இரண்டையும் பிரித்து, அளந்து, முத்திரை குத்திய கடதாசியில் கேட்கிறார்கள்.

பரீட்சை நாளன்று வருத்தத்தில் விழுந்த பிள்ளையை என்ன செய்வது? மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் நிர்வாகப் பிரச்சினை. ஆனால் ஒருவர் தன் நோவைப்பற்றிச் சொல்லும்போது அதை நம்பும் கடமை மற்றவருக்கு உண்டா என்ற கேள்வி இதன் அடியில் கிடக்கிறது. அகதியாக வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

நாம் வாழும் பிரான்சை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே சாதாரண நாளில் பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் தாயோ தகப்பனோ எழுதிக் கொடுக்கும் இரண்டு வரி போதும். சில தொற்றுநோய்களைத் தவிர மற்றவற்றுக்கு வைத்தியச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை என்று கல்வி அமைச்சு 2009இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. 'பக்' பரீட்சை என்று வந்ததும் கதை மாறுகிறது. தக்க காரணமின்றி வராதவருக்கு அந்தப் பாடத்தில் பூச்சியம். தவிர்க்க முடியாத காரணத்தால் வரவில்லை என்று சான்றிதழ் காட்டி நிரூபிப்பவருக்கு செப்டெம்பரில் வேறு வினாத்தாளுடன் மாற்றுப் பரீட்சை. அதே தாய், அதே பிள்ளை, அதே காய்ச்சல். பெரிதாக எதையும் இழக்கவேண்டியிராத நாளில் தாயின் சொல்லை ஏற்கும் அரசு, இழக்க வேண்டிவரும் நாளில் அதை ஏற்பதில்லை.

ஊரில் உயர்தரப் பரீட்சைக்கு அந்த செப்டெம்பரும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு விசேட நிலையம் ஒழுங்கு செய்வார்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இருந்துகொண்டே பிள்ளைகள் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். பேனை பிடிக்க முடியாதவர் அடுத்த வருடம் வரவேண்டியதுதான். பல்கலைக்கழகங்களிலோ 'மெடிக்கல் குடுக்கிறது' என்று ஒரு தனிப் பேச்சே உண்டு. பொதுவாக விதி இதுதான்: மெடிக்கல் ஏற்கப்பட்டால் மறுமுறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். ஏற்கப்படாவிட்டால் எவ்வளவு திறமாக எழுதினாலும் 'சி'க்கு மேல் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டு வந்த நம் போன்றவர்கள் இதை நன்றாக அறிவோம். முத்திரை உள்ள காய்ச்சல் வேறு, முத்திரை இல்லாத காய்ச்சல் வேறு.

இங்கிலாந்தில் இதைக் கணக்காகவே செய்துவிட்டார்கள். பரீட்சைக் காலத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு வினாத்தாளின் மொத்தப் புள்ளியில் ஒரு வீதத்திலிருந்து ஐந்து வீதம்வரை கூட்டிக் கொடுக்கிறார்கள். அண்மையில் தாயோ தகப்பனோ இறந்திருந்தால் ஐந்து. அன்றைக்குத் தலையிடி என்றால் ஒன்று. லண்டனில் இருக்கும் உறவினர் இதைச் சொன்னபோது நம்மில் சிலர் சிரித்தோம். ஒரு தாயின் சாவு ஐந்து தலையிடிகளுக்குச் சமனா? ஆனால் சிரித்து முடித்தபின் யோசிக்கவேண்டியிருக்கிறது. அந்த நாட்டில் குறைந்தபட்சம், துக்கமும் கையைத் தளர்த்தும் என்பதைச் சட்டம் ஒத்துக்கொண்டிருக்கிறது. நமது கிழவிகளின் சொல்லுக்குக் கிட்டவாக ஏதோ ஒன்று அந்த அட்டவணையில் இருக்கிறது.

எதிர்வாதம் இல்லாமலில்லை. சொல்லை மட்டும் நம்பினால் படிக்காதவனெல்லாம் அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான் என்பார்கள். நேர்மையாகக் காய்ச்சலோடு வந்து எழுதியவளுக்கு அது அநீதி என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது, தட்டிவிட முடியாது. அதனால்தான் மாற்றுப் பரீட்சைக்குப் புது வினாத்தாள் வேண்டும், அது முதலாவதுக்குச் சமமான கடினத்தோடும் இருக்கவேண்டும்.

ஆனால் இரண்டு தவறுகளையும் தராசில் வைத்துப் பார்ப்போம். பொய் சொன்னவனை நம்பிவிட்டால் அவனுக்குக் கிடைப்பது படிப்பதற்குச் சில நாட்களோ சில வாரங்களோதான். அதற்குப் பிறகு அவனும் அதே மேசையில் இருந்து எழுதத்தான் வேண்டும். உண்மை சொன்னவளை நம்ப மறுத்தால் அவளுக்குப் போவது ஒரு வருடம், சில வேளை படிப்பே. ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக்கூடாது என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் நாம், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் அதை மாற்றிச் சொல்கிறோம்?

அதோடு, கடதாசி பொய்யனைத் தடுக்கிறது என்பதும் அரைகுறை உண்மைதான். தெரிந்த வைத்தியர் உள்ள வீட்டுப் பொய்யனுக்குக் கடதாசி சுலபம். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடும், பிரெஞ்சு பேசத் தெரியாத தாயின் பிள்ளைக்கு உண்மையான வருத்தத்துக்கே அன்றைக்குள் ஒரு வைத்தியரைப் பிடிப்பது பெரும்பாடு. தாய்க்கு மொழிபெயர்ப்பதற்கு வழமையாகப் போகும் பிள்ளையே அன்று படுக்கையில் கிடக்கிறது. சான்றிதழ் வருத்தத்தை நிரூபிப்பதைவிட வசதியை நிரூபிப்பதுதான் அதிகம்.

இன்னொரு விதியும் உண்டு. பிரித்தானியாவின் பல பல்கலைக்கழகங்களில், பரீட்சை மண்டபத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டால் 'நான் நலமாக இருக்கிறேன்' என்று அறிவித்ததாகவே கொள்ளப்படும். பிறகு வருத்தம் என்று சொன்னால் எடுபடுவது கடினம். ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவும் நமக்கு இது புதிய தத்துவமல்ல. பிரான்சில் தனியார் வேலைக்காரருக்கு வருத்தக் கொடுப்பனவு பொதுவாக நாலாம் நாளில்தான் தொடங்குகிறது. முதல் மூன்று நாளையும் முதலாளி தரும் இடமென்றால் தருவார், இல்லாவிட்டால் சம்பளம் வெட்டுத்தான். ஆகவே காய்ச்சலோடு வேலைக்குப் போகிறோம். வந்துவிட்டான், ஆகவே சுகமாக இருக்கிறான் என்று முடிவு செய்கிறார்கள். 2009 ஆவணியில், செட்டிகுளம் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்த பிள்ளைகளும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார்கள். மேசைக்கு வந்தவர்களெல்லாம் நலமுடையவர்கள் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

முடியாது, ஒழுங்கு குலைந்துவிடும் என்று அதிகாரிகள் சொல்வதை 2020ஆம் ஆண்டுக்குப் பிறகு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கொரோனா வந்த அந்த வருடம் பிரான்சில் 'பக்' எழுத்துப் பரீட்சை நடக்கவில்லை, வருடம் முழுவதும் எடுத்த புள்ளிகள் போதும் என்றார்கள். இங்கிலாந்தில் பரீட்சையை நிறுத்திவிட்டுக் கணினிக் கணக்கால் புள்ளி போட்டு, ஓகஸ்ட் 13இல் வெளியிட்டு, பிள்ளைகள் தெருவுக்கு வந்ததும் 17இல் கைவிட்டு, ஆசிரியர்களின் மதிப்பீட்டை ஏற்றார்கள். இலங்கையில் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு விசேட பரீட்சை நிலையங்கள் வந்தன. எல்லாருக்கும் ஒன்றாக ஆபத்து வந்தபோது விதிகள் சில வாரங்களில் வளைந்தன. தனியே ஒரு பிள்ளைக்கு வருத்தம் வந்தால் மட்டும் அவை ஏன் இரும்பாகின்றன? எண்ணிக்கை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

தழும்புகளுக்குக்கூட வைத்தியரிடம் கடிதம் வாங்கி அகதி விண்ணப்பத்தோடு இணைத்தவர்கள் நாம். சொல் போதாது, உடம்பு சாட்சி சொல்லவேண்டும், உடம்புக்கு ஒரு வைத்தியர் சாட்சி சொல்லவேண்டும் என்ற அந்த ஒழுங்கில் நின்று களைத்தவர்கள். ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. மாற்றுப் பரீட்சை ஆண்டுதோறும் ஒழுங்காக நடக்கட்டும், அதற்கு வருபவர் தாயின் கையெழுத்தோடு வரட்டும். சந்தேகம் இருந்தால் விசாரிக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் ஏற்கட்டும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை எழும்பித் திரிந்து கடதாசி தேடவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்தக் கல்வியிலும் சேராது.