மாணாக்கன் வினாவும் ஆசிரியர் மானமும்

விடையறியாத ஆசிரியர் தமது அறியாமையை மாணாக்கர்க்கு மறைத்தல் தகுமோ? மதிப்புக் குன்றுமென்றஞ்சி மறைத்தவருள் யாமும் ஒருவரே.

வெற்றிடத்திலே செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர் செல்லும் ஒளி, கண்ணாடியினுள்ளே ஏறக்குறைய 200,000 கிலோமீற்றரே செல்லுமென ஒருநாட் கற்பித்தோம். பின்வாங்கிலிருந்த சிறுவனொருவன் எழுந்து, "ஐயா, கண்ணாடியை விட்டு வெளிப்பட்டவுடன், இழந்த வேகத்தை ஒளிக்கு மீளக் கொடுப்பது யாது?" என்றான். "பாடத்திலுள்ளதை மாத்திரங் கேள், இரு" என்றோம். அதன்பின் அவன் எம்மை யாதொன்றும் வினவியதில்லை.

விடையைப் பல்லாண்டு கழித்தே அறிந்தோம். ஒளியலை கண்ணாடியிலுள்ள இலத்திரன்களை அசைக்கின்றது. அசைந்த அவை தாமும் அலைகளைப் பிறப்பிக்கின்றன. வந்த அலையும் பிறந்த அலைகளுங் கூடியவிடத்துத் தோன்றும் அலையே பிந்திச் செல்கின்றது. வெளியே வளியில் இலத்திரன்கள் மிக அருகியிருத்தலின் அப்பிந்துதலும் அற்பமே. ஒளி களைத்ததுமன்று, அதனை எவரும் உந்தவேண்டுவதுமன்று. சிறுவனுக்கும் விளங்கத்தக்க விடையே!

தெரியாதென்றாற் பிள்ளைகள் மதியாரென்பாருமுளர். பேரறிஞரான நியூற்றனாரும் இவ்விடயத்திலே தவறினர். அவர் கொள்கைப்படி ஒளி நீரினுள் வளியினும் விரைந்து செல்லல் வேண்டும். 1850ஆம் ஆண்டிலே பூக்கோ என்னும் பிராஞ்சிய அறிஞர், சுழலும் ஆடியொன்றைக் கொண்டு அது நீரில் மெதுவாகவே செல்லுமெனக் காட்டினர். அதனால் நியூற்றனாரை மதியாதொழிந்தவர் யாவர்? "அறியோம், தேடிப் பார்த்து நாளை சொல்வோம்" என்ன நாக்கூசிய எமக்கு அவரினும் பெரிய புகழ் இருந்ததுபோலும்!

அச்சிறுவன் எங்குளனோ, அறியோம். அவனுக்குரிய விடை எம்மிடமே கிடக்கின்றது.