சிறகு வைத்த குதிரையும் மேசை மேல் பொம்மைகளும்



வெளிநாடுகளில் வாழும் நம் இளைஞர்கள் சிலர் கேட்கும் கேள்வி இது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு கற்பனைக் கதையை நடத்துவார்கள். அதற்கென வீரன், மந்திரவாதி, டிராகன் என்று சிறு உருவங்கள் உண்டு. மனித உருவம் சுமார் 28 மில்லிமீட்டர் உயரம்தான். அவற்றை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டிச் சேர்ப்பதே பலருக்குத் தனி ஈடுபாடாகிவிட்டது. இது கூடுமா? (பகடைக்குத் தனிச் சட்டம் உண்டு, அது வேறு பேச்சு.)

உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்தவர்களிடம், அவற்றிற்கு உயிர் கொடுங்கள் என்று மறுமையில் சொல்லப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதை லேசாக எண்ணாதீர்கள்.

அதே நேரம், அபூதாவூதில் ஒரு செய்தி. தபூக் அல்லது கைபரிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணிச் சிறகு வைத்த குதிரையைக் கண்டார்கள். குதிரைக்குச் சிறகா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததே என்றார்கள் அன்னை. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

அதே அன்னை உருவம் பொறித்த திரையைத் தொங்கவிட்டபோது நபியவர்கள் வெறுத்தார்கள். அது தலையணையானபோது பயன்படுத்தினார்கள். புழக்கத்தில் மதிப்பிழக்கும் பொருள் வேறு. உயரத்தில் வைத்துப் பெருமைப்படுத்தும் பொருள் வேறு.

எனவே பெரும்பாலான அறிஞர்கள் பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு விலக்களித்தார்கள். பெரியவர் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு, பிறர் கை படாமல் காக்கும் உருவத்தை அந்த விலக்கில் சேர்ப்பது கடினம். ‘நான் வார்க்கவில்லை, வண்ணம் மட்டுமே தீட்டுகிறேன்’ என்பீர்கள். முகத்திற்குக் கண் வைத்து முழுமையாக்குவது உங்கள் தூரிகையல்லவா?

வாங்கிவிட்டுத் தீட்டாமல் கிடக்கும் பெட்டிகளை இந்த ஆர்வலர்களே ‘வெட்கக் குவியல்’ என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். செல்வத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் கேட்கப்படுவோம் என்று நம்புகிற நமக்கு அது வேடிக்கைதானா?

அப்படியானால் கையில் உள்ள கலையை என்ன செய்வது? உருவம் செய்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். எச்சரித்த அவர்கள், அத்தோடு அவரை அனுப்பிவிடவில்லை. மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்யச் சொன்னார்கள். இந்த விளையாட்டிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. இடிந்த கோட்டை, பாலம், பாறை, காடு என்று மேசை நிலப்பரப்பு அமைப்பதற்கும் அதே தூரிகை, அதே பொறுமைதான் வேண்டும். பாத்திரம் நிற்கும் இடத்தைக் காட்ட ஒரு வெறும் காய் போதும்.

பெற்றோர்களே, பிள்ளையின் அறைக்குள் புகுந்து உடைத்து எறியாதீர்கள். நபியவர்கள் முதலில், இது என்ன என்று கேட்டார்கள், பதிலையும் கேட்டார்கள். பிள்ளை சொல்வதைக் கேட்ட பிறகு நீங்கள் சொல்வது, உடைந்த பொம்மையை விட அவன் மனதில் நிற்கும்.

அல்லாஹ் நம் கைகளின் திறமையை அவன் பொருந்திக்கொள்ளும் வழியில் செலவிடத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.