வயதைச் சொல்லாத பெயர்

என் வகுப்பில் நாங்கள் நான்கு சாந்திகள். எழுபதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளி. டீச்சர் "சாந்தி" என்றதும் நான்கு "உள்ளேன் டீச்சர்" ஒன்றாக எழும். பதிவேட்டுக்கு முன்னெழுத்து போதும், பிள்ளைகளுக்குப் போதாது. ஒருத்தி நெட்டை சாந்தி ஆனாள். ஒருத்தி டீச்சர் மக சாந்தி, இன்னொருத்தி பால்கார சாந்தி. நான் கறுத்த சாந்தி. பெயர் போதாத இடத்தில் ஊர் ஓர் ஒட்டுப் போடும். எந்தத் துணியில் போடலாம் என்று நம்மைக் கேட்காது.

ஆகவே தம்பி சென்னையிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, அத்தைதானே காதுல சொல்லணும், நீயே ஒரு பேரு சொல்லு" என்றபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "எல்லாருக்கும் தெரிஞ்ச பேரா இருக்கணும். ஆனா பழசாகவே கூடாது."

கேட்க எளிதாக இருந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் இந்த இரண்டும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கிற ஆசைகள் என்று தெரிந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் ஆசைப்பட்டு வைக்கிற பெயர்தான் எல்லாரோடும் சேர்ந்து கிழடாகிறது. சாந்தி என்று யாராவது தன்னைச் சொல்லிக்கொண்டால் ஐம்பதைத் தாண்டியவள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நதியா என்றால் 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு பிறந்தவளாக இருக்க வேண்டும். அஞ்சலி என்றால் பெரும்பாலும் 1990-க்குப் பிறகு. அந்தப் பெண்கள் யாரும் வயதை மறைக்கவே முடியாது, பாவம். அப்பாவும் அம்மாவும் எந்த வருஷம் எந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

அப்புறம் நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒரு தெருவில் அந்தப் பெயரில் ஒரு கிழவியும் இருக்க வேண்டும், தவழ்கிற பிள்ளையும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அது வயதைச் சொல்லாத பெயர்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறியவை கோயில் பெயர்கள். அவை வயதைச் சொல்லாது, ஊரைச் சொல்லிவிடும். கோமதி என்றால் சங்கரன்கோவில் பக்கம் வேர் இருக்கும். உலகம்மாள் என்றால் தென்காசி. அபிராமி திருக்கடையூர், தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில், நீலாயதாட்சி நாகப்பட்டினம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பெயரைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு நாகப்பட்டினமா?" என்று நான் கேட்டு, அவள் அசந்துபோனதுண்டு. காந்திமதி என்றால் சொல்லவே வேண்டாம், திருநெல்வேலி. என் அப்பாவைப் பெற்ற ஆச்சி பெயர் அதுதான்.

முறைப்படி எனக்கு வந்திருக்க வேண்டியதும் அதுதான். பேரன், பேத்தி என்கிற சொற்களே பெயரைத் தாங்கியவர்கள் என்ற பொருளில் பெயரன், பெயர்த்தி என்று இருந்து தேய்ந்தவை. பெயர் பழசாகாமலிருக்க நம்மவர்கள் கண்டுபிடித்த வழி எவ்வளவு எளியது பாருங்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதையே வைத்தார்கள். ஆச்சி தளரும்போது அதே பெயரில் ஒன்று முற்றத்தில் தவழும். தெருவில் கிழவியும் பிள்ளையும் வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்த சோதனையை அவர்கள் ஒரே வீட்டுக்குள் முடித்துவிட்டார்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அப்புறம் பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடுவதுகூடப் பரவாயில்லை, எப்படி ஏசுவது? "ஏட்டி காந்திமதி, மூதேவி" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் போனால் திண்ணையில் இருக்கிற பெரிய காந்திமதி சும்மா இருப்பாளா? அதனால்தான் பழைய வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருந்தது. காதில் சொன்ன பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று. பாப்பா, அம்மாளு, பெரியவ என்று ஊரில் பாதிப் பேர் அப்படி மாமியாருக்குப் பயந்து உண்டானவர்கள்தான். எனக்கும் காதில் சொன்னது காந்திமதி. அம்மா கூப்பிடுவதற்காக அதே ஓசையில் ஒன்றைத் தேடி சாந்தி என்று வைத்துக்கொண்டாள். பள்ளியில் சேர்க்கும்போது அதையே எழுதிவிட்டார்கள். காந்திக்குச் சாந்தி. நான் யாருடைய கனவிலிருந்தும் பெயர் பெறவில்லை, ஏசுவதற்கு வசதியாக இருக்க வேண்டும் என்று பெற்றேன். அம்மா அந்த வசதியைக் குறைவில்லாமல் பயன்படுத்தவும் செய்தாள்.

அம்மாவுக்குக் கல்யாணமாகி 55 வருஷம் ஆகிறது. ஆச்சி போயும் முப்பது வருஷம் ஆகப்போகிறது. தம்பி பெயர் கேட்ட அன்று வரை அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நெல்லையப்பர் கோயில் அம்மன் அவளுக்கு 'பெரிய கோயில் அம்மன்'. 2025 ஜனவரியில் கோயில் யானை காந்திமதி இறந்தபோது ஊரே அந்தப் பெயரைச் சொல்லிப் புலம்பியது. அம்மா மட்டும், "கோயில் யானை போயிட்டாம்லா, பாவம்" என்றாள்.

தம்பி மனைவியிடம் தயங்கித் தயங்கிக் காந்திமதி என்று சொல்லிப் பார்த்தேன். "யானை பேரு மதினி" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நாங்கள்தான் கோயிலுக்குக் கூட்டிப்போய் அவளுக்கு அந்த யானையைக் காட்டினோம். அவள் மனதில் அந்தப் பெயருக்கு உரிய உருவம் அதுதான். ஒரு பெயரின் மேல் கடைசியாக யார் உட்கார்ந்தார்களோ அவர்கள் முகம்தான் அதற்கு. 2007-இல் வந்த 'சிவாஜி' படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களைக் காட்டி, அவர்கள் நிறத்தை வைத்துச் சிரிக்கவைத்தார்கள். பாரியின் மகள்களுக்கு வழங்கி வந்த பெயர்கள் அவை. எத்தனையோ நூற்றாண்டு நின்ற பெயர்களை வைக்கத் துணிகிற பெற்றோர் அதன் பிறகு ஒருமுறையாவது யோசித்திருப்பார்கள். கறுத்த சாந்திக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வரவில்லை. எதிர்த்திசையிலும் நடப்பதுண்டு. 2018-இல் '96' வந்தபோது, பாடகி எஸ். ஜானகியின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட நாயகியை ஜானு, ஜானு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஜானகி என்ற பாட்டிப் பெயருக்கு ஒரே படத்தில் இளமை வந்துவிட்டது.

தம்பி ஓர் எக்செல் தாளில் அறுபது பெயர் எழுதி அனுப்பினான். பாதிக்கு மேல் 'ஷ'வும் 'ஸ்ரீ'யும். நட்சத்திரத்துக்கு இன்ன எழுத்து, எண் கணிதத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூடுதல் என்று தனித்தனிப் பத்தி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பதினைந்து பெயர் வரை பொறுமையாகக் கேட்டவள், "இதெல்லாம் மருந்து பேரால்லா இருக்கு" என்றாள்.

மிச்சப் பாதி நல்ல தமிழ்ப் பெயர்கள். யாழினி, நிலா, இனியா, கயல். இந்தக் கயலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் ஆலவாய்ப் பதிகத்தில் மதுரை அம்மனை அங்கயற்கண்ணி என்று பாடினார். அதே பொருளில்தான் மீனாட்சி. 1916-க்குப் பிறகு மறைமலையடிகளின் தனித்தமிழும், பின்னால் திராவிட இயக்கமும் வீடுகளுக்குள் வந்தபோது அவளே கயல்விழி என்று பிறந்தாள். மீன் போன்ற கண் உடையவள் என்பதுதான் மூன்றுக்கும் பொருள். மீனாட்சியைச் சுருக்கி மீனா என்றோம், கண் போய்விட்டது. இப்போது கயல்விழியில் விழியை விட்டுவிட்டோம். ஆயிரத்து நானூறு வருஷம் கண்ணுக்காக வைத்த பெயர், கடைசியில் பிள்ளையை 'மீன், மீன்' என்று கூப்பிடுவதில் வந்து நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை.

இதை மேலப்பாளையத்துத் தோழி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பெயர் பாத்திமா. "எங்க வீட்டுல பாத்திமா மட்டும் நாலு பேரு, எங்க உம்மாவோட உம்மாவும் பாத்துமுத்துதான்" என்றாள். யாருக்கும் அது பழைய பெயராகவும் தோன்றியதில்லை, புதுப் பெயராகவும் தோன்றியதில்லை. மேரியும் அப்படித்தான். வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த ஆரோக்கியமேரி எந்த வருஷத்திலும் பிறந்திருக்கலாம். ஏன் என்று யோசித்துப் பார்த்தால், அந்தப் பெயரை வைப்பவர்கள் தங்கள் ரசனையைக் காட்டுவதற்காக வைப்பதில்லை. தங்களுக்கு முன்பே இருந்த ஒருத்தியின் பெயரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். கொடுத்தவர் பேச்சு அதில் குறைவு.

பெற்றவர்கள் தங்களைப் பற்றி அதிகம் பேசுகிற பெயர்கள்தான் சீக்கிரம் பழசாகின்றன என்று எனக்குப் படுகிறது. கட்சி, படம், படிப்பு, ஜோசியம் எல்லாம் அதில் இருக்கும், பிள்ளைக்கு மட்டும் இடம் இருக்காது. இதன் எல்லை எதுவென்று நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்த அம்மாவின் கடைசி மகள் பெயர் போதும்பொண்ணு. பெண்ணாகவே பிறக்கிறதே, இதோடு நிற்கட்டும் என்று சாமிக்கு எழுதின விண்ணப்பம் அது. பெண் பிள்ளைக்கு 'வேண்டாம்' என்றே பெயர் வைத்த ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அந்தப் பெண் தன் பெயரைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அப்பா அம்மாவின் ஏமாற்றத்தைத்தான் சொல்ல வேண்டும். குப்பம்மாளும் பிச்சையம்மாளும் வேறு கதை. முன்னால் பிறந்தவை தங்காமல் போனதால், இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று வைத்தவை. அழகில்லாத பெயர்கள்தான், ஆனால் பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவற்றில் வேறு ஆசை இல்லை.

தம்பியிடம் கடைசியில் வள்ளி என்று சொன்னேன். ஒரு கொடியின் பெயர். முருகனோடு சேர்த்து நற்றிணையிலேயே வருகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை போய், 1914-இல் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கும் அதுதான். எங்கள் தெருவில் வள்ளிக் கிழவி இருக்கிறாள், மூன்றாம் வீட்டில் ஒன்றாம் வகுப்பு வள்ளியும் இருக்கிறாள். மூன்றே எழுத்தை இழுத்துக் கூப்பிட்டால் மொட்டைமாடி வரை கேட்கும், கோபத்திலும் உச்சரிக்கலாம். என் சோதனையில் நூற்றுக்கு நூறு.

"நல்லாருக்கு அக்கா, யோசிக்கோம்" என்றான். தம்பி அப்படிச் சொன்னால் இல்லை என்று பொருள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருஷம் வரைக்கும் சேர்க்கலாம் என்று எங்கிருந்தோ விதியைப் படித்துவிட்டு வேறு சொன்னான். "அதுக்குள்ள அவளே பத்தாம் வகுப்புப் பரிட்சைத் தாள்ல எழுதிக்கிடுவா" என்றேன்.

அவ்வளவு நாள் ஆகவில்லை. யாழினி என்று முடிவாயிற்று. அவர்கள் அடுக்ககத்திலேயே ஏற்கெனவே இரண்டு யாழினிகள் இருக்கிறார்கள். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். தம்பி மனைவி பிள்ளையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்ன விதத்தைக் கேட்டதும் விட்டுவிட்டேன். ஏழு வருஷம் காத்திருந்தவள். எந்த ஒட்டாக இருந்தாலும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

தொட்டில் போட்டது எங்கள் பாளையங்கோட்டை வீட்டில்தான். நான் குனிந்து மூன்று தடவை காதில் சொன்னேன். அது தும்மியது. சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தார்கள், எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "யாளினி... யாளினி" என்று சொல்லிப் பார்த்தாள். தமிழின் சிறப்பு எழுத்தையே நடுவில் வைத்த பெயர், 75 வருஷம் தமிழ் மட்டும் பேசியவளின் வாயில் நுழைய மறுத்தது. தம்பி திருத்தினான். நான்கு தடவை முயன்றுவிட்டு, "போல, எனக்கு வர்ற பேரைச் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

சாயங்காலம் பிள்ளை விழித்து வீறிட்டது. நானும் தம்பியும் முற்றத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தோம். உள்ளே அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவது தெரிந்தது.

"ஏட்டி காந்திமதி! இந்தா வந்துட்டேம்லா. என்னத்துக்கு இந்தக் கத்து கத்துத?"

தம்பி என்னைப் பார்த்தான். தொட்டில் கயிறு கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. அம்மா இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாக ஏசினாள்.