கோணல் தராசு

கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் தராசை ஐயுறுபவர், எடை அறிந்த கல்லை அதில் ஏற்றிப் பார்ப்பார். அணுக்கருவின் ஆற்றல்நிலைகளைக் கணிக்கப் புகுந்த குவாண்டம் கணினிக்கும் அச்சோதனையே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தார் 2018-இல் எடுத்துக்கொண்டது டியூட்டரான்: ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான். அவற்றின் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்பது முன்பே தெரியும். கணினியோ பிழை மலிந்தது. அவர்கள் பிழையை மறைக்கவில்லை. வேண்டுமென்றே பெருக்கி, அது வளரும் போக்கை அளந்து, பிழையே இல்லாதிருந்தால் விடை யாதென்று பின்னோக்கிக் கணித்தார்கள். சில விழுக்காட்டு வேறுபாட்டில் மெய் கிட்டியது.

பாவத்தைப் பெருக்கிப் பார்க்கலாமா? அவ்வழியைப் பவுலடியார் உரோமையர் மடலில் அடைத்துவிட்டார். ஆயினும், ஒப்புரவு அருட்சாதனத்தில் 'நான் பாவி' என்று பொதுவாய்ச் சொல்லி எழுகிற நாம், எப்பக்கம், எவ்வளவு சாய்கிறோம் என்று அளந்ததுண்டா? ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2023-இல் ஆக்சிஜன் அணுக்கருக்களைக் கணித்தபோதும், கணினியின் பிழைக்கு அவர்கள் கணக்கு வைக்க வேண்டியிருந்தது.