தெரிந்தும் சொல்லாத வங்கி

தென்னங்கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நெட்டை ரகமென்றால் இன்னும் கூடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. பேரிடரில் பயிர்க்கடனைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அப்போது வைத்திருந்த விதி இது: பயிரில் 33 சதவீதம் போனால் இரண்டு ஆண்டு வரை அவகாசம், பாதிக்கு மேல் போனால் ஐந்து ஆண்டு வரை. இரண்டிலும் முதல் ஓராண்டு தவணை கட்ட வேண்டாம். நெல்லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. தென்னைக்காரர் போட்டுக்கொண்டால் கை நுழையாது. புதுக்கன்று பாளை விடுவதற்குள் கெடு முடிந்துவிடும்.

அடி விழுந்த பிறகு கைகொடுக்க ஒரு வழியாவது இருந்ததே, அதுவே பெரிய காரியம்தான். அடி விழுமுன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது. வங்கி நடத்துபவர்களுக்கும், அவர்களைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கிக்கும், வங்கியில் பணம் போட்டிருக்கும் நமக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள். யாருடைய தலையில் அது விழுமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள்.

2015 செப்டம்பரில் லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் பேசிய மார்க் கார்னி, அப்போது இங்கிலாந்து மைய வங்கியின் ஆளுநர். பருவநிலை மாற்றத்தின் பெரிய சேதங்கள் இன்று நாற்காலியில் இருப்பவர்களின் பதவிக்காலத்துக்கு அப்பால்தான் வரும், அதனால்தான் எவருக்கும் அவசரமில்லை, அவசரம் வரும்போது காலம் கடந்திருக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். நம் ஊரிலும் கணக்கு அதேதான். கிளை மேலாளர் மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போவார். ரிசர்வ் வங்கி ஆளுநரின் நியமனமும் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குத்தான். அனல்மின் நிலையத்துக்கும், ஏரிக்கரை அடுக்குமாடிக்கும் கொடுத்த கடன் மட்டும் பதினைந்து இருபது ஆண்டு ஓடும். கடன் மூழ்கும் நாளில் கையெழுத்துப் போட்டவர் ஓய்வூதியத்தில் இருப்பார்.

இதெல்லாம் அரசின் வேலை, மைய வங்கிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் அப்படித்தான் ஒதுங்கியது. நிதித்துறையைப் பசுமையாக்க எட்டு மைய வங்கிகளும் கண்காணிப்பு அமைப்புகளும் 2017 டிசம்பரில் பாரிஸில் தொடங்கிய கூட்டமைப்பில் 2020 இறுதியில் சேர்ந்து, 2025 ஜனவரியில், டிரம்ப் பதவியேற்க மூன்று நாள் இருக்கையில் விலகிக்கொண்டது. தன் சட்டப்பூர்வ வரம்புக்குள் இது வராது என்று காரணமும் சொன்னது. அந்த நாள்பொருத்தத்தைப் பார்த்தால் வரம்பை விட வாசலில் நின்றவரே பெரிய காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. 2021 ஏப்ரலில் அதே அமைப்பில் சேர்ந்த நம் ரிசர்வ் வங்கிக்கு அந்தச் சாக்கு செல்லாது. விலைவாசி ஏற்றத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது அதன் சட்டக் கடமை. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிற, சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. ரெப்போ வட்டியை எவ்வளவு உயர்த்தினாலும் செடியில் ஒரு தக்காளி கூடுதலாகக் காய்க்காது. வெயிலும் மழையும் தவறினால் ரிசர்வ் வங்கியின் சொந்த வேலையே கெடும்.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவுமில்லை. 2022-இல் விவாத அறிக்கை, 2023-இல் பசுமை வைப்புத்தொகைக்கான விதிகள், 2024 பிப்ரவரியில் பருவநிலை ஆபத்தை வங்கிகள் வெளிப்படையாக அறிவிப்பதற்கான வரைவு என்று வரிசையாக வந்தன. அந்த வரைவின் கண்டிப்பை நீர்க்கவிடாதீர்கள். எங்களிடம் தரவு இல்லை, ஆள் இல்லை, இன்னும் இரண்டு ஆண்டு கொடுங்கள் என்று வங்கிகள் கேட்கும். எதற்குத்தான் அவை அவகாசம் கேட்டதில்லை?

தரவு விஷயத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஒரு பருவநிலை ஆபத்துத் தகவல் அமைப்பை அறிவித்தது. அதற்கு இரண்டு பகுதிகள். எந்தத் தகவல் எங்கே கிடைக்கும் என்ற பட்டியல் பொதுமக்களுக்கு; ஒழுங்குபடுத்திய தரவு, ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு மட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடிப் பக்கம் ஓராண்டு முழுக்கப் பெய்வதை விட அதிகம். அங்கே உப்பளம் வைக்கவோ கடை போடவோ ஒருவர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் போகிறார் என்று வையுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் அந்த இடத்தின் வெள்ள ஆபத்து கணினியில் இருக்கும். இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காட்டப்படும். நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்ததை வாடிக்கையாளரிடம் சொல்கிறாரே, நிலத்தின் ஆபத்தைச் சொல்ல என்ன தடை? தரவைத் திறந்துவிடுங்கள். கடன் ஒப்பந்தத்தோடு ஒரு பக்கத்தில், தமிழில், அதை எழுதிக் கொடுங்கள்.

வங்கி அதிகாரிகளே, இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். அளந்து பார்க்கத் தொடங்கியதும் மிக எளிதான வழி ஒன்று கண்ணில் படும். கடைமடை விவசாயிக்கும், கடலோர மீனவருக்கும் "உங்கள் பகுதி ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது" என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம். நிலக்கரிக்குப் போகும் ஆயிரம் கோடிக்கு வழக்கம்போலக் குழு கூடி ஒப்புதல் தரலாம். புகை விட்டவருக்குக் கடன், வெள்ளத்தில் நின்றவருக்குத் தண்டனை என்றால் அது கணக்கு ஆகாது, அநியாயம். நீங்கள் மறுத்தால் அவர் கந்துவட்டிக்குப் போவார். புயல் அங்கேயும் வரும். ஆபத்துள்ள இடத்துக்குக் கடனை நிறுத்தாதீர்கள். மேடையை உயர்த்தவும், வெள்ளம் தாங்கும் ரகத்துக்கு மாறவும், காப்பீடு எடுக்கவும் சேர்த்துக் கொடுங்கள். தென்னைக்குத் தென்னையின் வயதை வைத்துத் தவணை போடுங்கள்.

நாமும் கை கழுவ முடியாது. வங்கி கொடுக்கும் கடன் பெரும்பாலும் நம் வைப்புத்தொகைதான். அரை சதவீத வட்டி கூடுதல் என்றால் கிளை கிளையாக ஏறி இறங்கி விசாரிக்கும் நாம், அந்தப் பணம் எங்கே போகிறது என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. பசுமை வைப்புத்தொகையை நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றுக்குக் கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் சொன்ன வேலைக்கு ஒதுக்காவிட்டால் வங்கிக்கு அபராதம் எதுவும் கிடையாது என்று ரிசர்வ் வங்கியின் விளக்கமே சொல்கிறது. ஆகவே பச்சை இலை படம் போட்ட விளம்பரத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். ஆண்டுதோறும் வெளியாள் ஒருவர் சரிபார்த்த அறிக்கையை வங்கி தன் இணையதளத்தில் போட வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தலைமை அலுவலகத்தில் விசாரியுங்கள் என்று மேலாளர் சொன்னால், கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.