வாயிலில் நின்ற தோழமை



யோகநெறிக்குச் சகமார்க்கம் என்னும் பெயருண்டு. சகமார்க்கமாவது தோழமை நெறி. அதற்கு இலக்கியமாய் விளங்கியவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் வெள்ளையானைமீது கயிலைக்கு எழுந்தருள, தோழராகிய சேரமான் பெருமாள் நாயனார் பரிமீது உடன்சென்றார். சுந்தரர் உட்புகுந்தார், சேரமானோ வாயிலில் தடையுண்டு நின்றார். உட்புகுந்தவர் தோழரை மறந்தாரல்லர், விண்ணப்பஞ் செய்தார். சிவபெருமானும் அவரை உள்ளே அழைப்பித்தருளினார் என்பது பெரியபுராணம்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் இத்தோழமை உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது; அதனால் உடன்பிறந்தாரைக் கடல் பிரித்தது. பின்னர்ப் பிள்ளைகளும் பிழைப்புத் தேடிக் கொழும்பு சென்றனர். இங்ஙனம் தனித்து நின்ற முதிய மாதர் இருவரை யாம் அறிவோம். இளமையில் ஒரே மலையில் கொழுந்தெடுத்தவர், முதுமையில் ஒரே லயக்காம்பராவில் ஓரடுப்பு மூட்டி வாழ்ந்தனர். ஒருத்தி பாயிற் கிடக்க, மற்றவள் ஈராண்டு கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். அவள் இறந்தபின், கருமாதியில் தொலைவிலிருந்து வந்த உறவினர் முன்னின்றனர். ஊட்டியவளோ, உறவல்லள் எனப்பட்டு வாசலில் நின்றாள். யாமும் வாளாவிருந்தோம். அந்நாணம் இன்றும் எம்மை விட்டு நீங்கவில்லை.

அன்பர்காள்! சேரமான் சரிதத்தை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் நாம், நம் கண்முன் உள்ள வாயிலைக் காணாதிருத்தல் தகுமோ? உங்கள் தோட்டத்தில் அத்தகைய அன்னை ஒருத்தி வாசலில் நிற்பாளாயின், கைப்பிடித்து உள்ளே அழைத்து முதலில் இருத்துமின். கஞ்சி வார்த்த கையே உறவின் கை என எல்லாருங் கேட்கச் சொல்லுமின். அது சிவபுண்ணியம்.

திருச்சிற்றம்பலம்.